முள் சொல்வது மெய்யா?

ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து ஒரு பழைய டட்சன் 240 இசட் காரை ஓட்டிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டட்சன் 120 ஒய் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதே நிறுவனம் 1969இல் வெளியிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. திடீரென்று ஆயில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் விழுகிறது. இன்ஜின் ஓசையிலோ மாற்றமே இல்லை.

உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ‘மீட்டர்தான் கெட்டிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று நினைப்பவர்களால்தான் நல்ல இன்ஜின்கள் பல வீணாகியிருக்கின்றன. கிராங்க்‌ஷாப்ட் பேரிங்கோடு உரசாமல் காப்பது, தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அழுத்தம் மெய்யாகவே போயிருந்தால் சில நிமிட ஓட்டமே பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆனால் முள்ளும் பொய் சொல்லும். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சிறு தகரக் குப்பிதான் செண்டர். உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று. எண்ணெய் அதைத் தள்ளும்போது ஒரு மின்தடையின் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தையே மீட்டர் அழுத்தமாகக் காட்டுகிறது. ஐம்பது ஆண்டு வெப்பத்திலும் அதிர்விலும் சவ்வு கிழியலாம், உள்ளிருக்கும் கம்பி தேயலாம்.

பொய்யா மெய்யா என்று அறிய, முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிறகு செண்டரைக் கழற்றி, அதே துளையில் பட்டறையில் இருக்கும் நேரடி அழுத்தமானியைப் பொருத்தி இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். இதற்கு மின்சாரம் வேண்டாம். எண்ணெயே முள்ளைத் தள்ளும். இதுவும் பூஜ்யம் காட்டினால் கோளாறு பம்பிலோ பேரிங்கிலோ இருக்கிறது. புதுச் செண்டர் வாங்குவது வீண் செலவு. சரியான அழுத்தம் காட்டினால்தான் குற்றவாளி செண்டரோ, ஒயரோ, மீட்டரோ. இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

மாற்றும் வேலை கால் மணி நேரம்தான். ஆனால் ஒரு பொறி உண்டு. இந்த ஜப்பானிய பிளாக்கில் இருப்பது பிரிட்டிஷ் அளவு கூம்பு மரை: அங்குலத்துக்கு 28 சுற்று. அதே ‘எட்டில் ஒரு பங்கு’ என்ற பெயரில் விற்கும் அமெரிக்க மரைக்கு 27 சுற்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முதல் இரண்டு சுற்று இரண்டுமே இதமாக ஏறும், பிறகு இறுகும். அப்போது ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரை நாசமாகும். சில வெள்ளிக்கு வாங்கும் பொருளுக்காக பிளாக்கைக் கெடுக்க வேண்டுமா?

மீட்டருக்கேற்ற மின்தடையும் வேண்டும். சில ஐரோப்பிய வகைகளில் அழுத்தம் கூடக் கூட மின்தடை 10 ஓமிலிருந்து 180 வரை ஏறும். அமெரிக்க வகையில் 240இலிருந்து 33க்கு இறங்கும். மாற்றிப் போட்டால் முள் தலைகீழாக ஆடும்.

இன்ஜின் ஆறிய பிறகு கையாலேயே திருகத் தொடங்குங்கள். தகர உடலைப் பிடிக்காமல், அடியிலுள்ள அறுகோணத்தில் ஸ்பேனரை வையுங்கள். கூம்பு மரை இறுகும்போதே அடைத்துக்கொள்ளும். கசிவு தடுக்கும் டேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் செண்டருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது.

ஓடிச் சூடான இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது முள் சற்றுத் தாழ்ந்து நின்றால் பதறாதீர்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்துவிடும். மறுநாள் காலையில் செண்டரைச் சுற்றி விரலால் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.