துணிக் கப்பலில் போன மனிதர்கள்

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை இது. நிதானமாகப் பேசுவோம். சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் இறங்கினால் கடல். 1520களில் போர்த்துக்கீசியர் குடியேறி ஊர் கட்டியது இந்தக் கரையில்தான். கடலோரமாகவே வடக்கே போனால் முதலில் ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டை, அதையும் தாண்டினால் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய பழவேற்காடு. இந்தத் துறைகளுக்கு வந்த கப்பல்கள் எதை ஏற்றிப் போயின என்று யாரைக் கேட்டாலும் துணி என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் துணியோடு மனிதர்களும் போனார்கள்.

இங்கேதான் நம் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் குறுக்கே நிற்கிறது. அடிமைக் கப்பல் என்றால் அது ஆப்பிரிக்காவின் கதை, அட்லாண்டிக் கடலின் கதை என்று நினைக்கிறோம். அதற்குக் காரணம், நாம் பார்த்த படங்கள். 1788-ல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் புரூக்ஸ் என்ற கப்பலின் வரைபடத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். தீக்குச்சி அடுக்கியதுபோல நூற்றுக்கணக்கானோர் அதில் கிடந்தார்கள். 1781-ல் ஸோங் என்ற கப்பலிலிருந்து 130 பேருக்கும் மேல் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். அவர்களைச் சரக்காகக் காட்டிக் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள் கப்பல் முதலாளிகள். 1840-ல் டர்னர் தீட்டிய 'அடிமைக் கப்பல்' ஓவியம் அந்த நினைவோடு பார்க்கப்படுகிறது. இன்று அது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கில் இப்படி ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர். அந்தக் கொடுமையின் அளவே வேறு.

ஆனால் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கடலைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வங்காள விரிகுடாவில் மனிதர்களை ஏற்றவென்றே அமைத்த கப்பல்கள் அரிது. ஆம்னி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பயணிகள், அடியில் யார் யாருடையதோ பார்சல். அதுபோல ஒரே வணிகக் கப்பலில் துணி மூட்டை, அரிசி, உப்பு, அவற்றோடு வாங்கிய ஆட்களும். கணக்கிலும் அவர்கள் சரக்கோடு சரக்காகவே எழுதப்பட்டார்கள். தனிக் கப்பல் இல்லை, அதனால் தனிப் படமும் இல்லை. படம் இல்லாததால் நினைவும் இல்லாமல் போயிற்று.

சரி, வாங்கியது யார், எதற்கு? டச்சுக் கம்பெனி 1619-ல் ஜாவாவில் பத்தாவியா நகரை நிறுவியது. அதுதான் இன்றைய ஜகார்த்தா. 1621-ல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றோ துரத்தியோ தீர்த்தது. தோட்டம் இருக்கிறது, வேலைக்கு ஆள் இல்லை. நகரம் கட்ட வேண்டும், கூலிக்கு ஆள் இல்லை. அப்போது சோழமண்டலக் (கோரமண்டலக்) கரையில் துணி வாங்கிக்கொண்டிருந்த அதே கம்பெனி, அதே துறைகளில் ஆட்களையும் வாங்கத் தொடங்கியது.

விற்பனைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள அரிசி விலையைப் பார்த்தால் போதும். மழை பொய்த்தாலோ, படை வந்து வயலை அழித்தாலோ அரிசி விலை ஏறும், மனித விலை இறங்கும். நல்ல விளைச்சல் ஆண்டுகளில் துறையில் ஆட்கள் கிடைப்பது குறைந்துவிடும். பஞ்சத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கில் குவிவார்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடின. நெல் விளைந்த பூமியில் பஞ்சம். அந்த மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் விற்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

"பஞ்சத்தில் அவர்களே தங்களை விற்றுக்கொண்டார்கள், சோறாவது கிடைத்ததே" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இதை நாம் ஏற்க முடியாது. பசித்த தாய் பிள்ளையை ஒரு படி அரிசிக்குக் கொடுப்பதை விற்பனை என்று எழுதிக்கொள்வது, வாங்குகிறவனுக்கு வசதியான கணக்கு. அந்தக் கணக்கை எழுத நம் ஊரிலேயே பழக்கம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த கிழவர் நீட்டியது அடிமை என்று எழுதிய ஓர் ஆளோலைதானே? நிலத்தோடு சேர்த்து உழைக்கிற மக்களையும் விற்ற வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' அதை விரிவாகச் சொல்கிறது. வெள்ளைக்காரன் கப்பலைக் கொண்டுவந்தான். கரையில் விலை பேசிய தரகர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இனி, ஏற்றும் விதம். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலாப் படகில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். தஞ்சையின் வயலிலிருந்து வந்தவர் பலருக்கு முதல் கடல் பயணம் அந்தப் படகில்தான் தொடங்கியிருக்கும்.

ஆங்கிலேயரும் சும்மா இல்லை. 1687 செப்டம்பரில் மட்டும் ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 பேர் ஏற்றுமதியானார்கள். அந்த ஜூலையில்தான் எலிஹு ஏல் கவர்னராகியிருந்தார். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்று அவர் தலைமையிலான கோட்டை நிர்வாகம் உத்தரவிட்டது. மறு ஆண்டே, 1688-ல், அதே நிர்வாகம் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. மனம் இரங்கி அல்ல. மொகலாய ஆட்சியிலிருந்து புகார் வந்தது, அவர்களைப் பகைத்துக்கொண்டு துணி வியாபாரம் நடத்த முடியாது. அவ்வளவுதான்.

சென்னையில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய ஏல், அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் பொருள்கள் அனுப்பினார். 1718-ல் அது அவர் பெயரைப் பெற்றது. அதுதான் இன்றைய ஏல் பல்கலைக்கழகம். 1719 வாக்கில் வரைந்த ஓர் ஓவியத்தில் ஏல் தன் குடும்பத்தாரோடு மேஜையருகே அமர்ந்திருக்கிறார். ஓரத்தில் ஆப்பிரிக்க வம்சத்துச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். அவன் கழுத்தில் உலோகப் பட்டை. பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் 2020-ல் அந்த ஓவியத்தை இறக்கிவிட்டு, டைட்டஸ் கஃபார் என்ற கறுப்பின ஓவியர் அதே காட்சியை மறுபடி வரைந்த படத்தை மாட்டியது. கஃபாரின் படத்தில் பெரிய மனிதர்கள் கசங்கிப்போயிருக்கிறார்கள். சிறுவன் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் தெளிவாக நம்மைப் பார்க்கிறான், கழுத்தில் பட்டை இல்லாமல். பழைய ஓவியத்தை ஆராய்ந்து, விளக்கங்களோடு 2022-ல் மீண்டும் வைத்தார்கள். ஒளித்துவைக்காமல் விளக்கிச் சொன்னது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுக்காரர்களின் பங்குக்குச் சாட்சி சொல்வது ஒரு தமிழ் நூல். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1743-ல் புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேற்றுவதற்கு விற்ற ஒரு கூட்டம் அகப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பிரெஞ்சுத் தீவுக்கு, அதாவது மொரீஷியஸுக்கு, போன தமிழர்களை நாகரத்தினம் கிருஷ்ணா 'நீலக்கடல்' நாவலில் எழுதினார். அமிதவ் கோஷின் நாவலில் வரும் ஐபிஸ் என்ற கப்பல் முதலில் அடிமைகளை ஏற்றியது, பிறகு கூலிகளை ஏற்றி மொரீஷியஸுக்குப் போகிறது. கற்பனைக் கப்பல்தான். ஆனால் அடிமை முறை ஒழிந்த இடத்தில் ஒப்பந்தக் கூலி முறை வந்து நின்ற சரித்திரம் அதே வழியில்தான் நடந்தது.

போனவர்கள் பெயர்? அவற்றில் கொஞ்சம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1652 முதல் 1808 வரை கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர். அவர்களில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள். வீட்டுக்காரர் வைத்த புதுப் பெயருக்குப் பின்னால் ஊரை ஒட்டவைத்து எழுதினார்கள்: கோரமண்டலத்துக்காரர், மலபார்க்காரர், வங்காளத்துக்காரர் என்று. தாய் வைத்த பெயர் அழிந்தாலும் கரையின் பெயர் தங்கிவிட்டது.

ஆகஸ்டில் மெட்ராஸ் தினம் வரும்போது கோட்டைக்குள் மரபு நடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புனித மேரி தேவாலயத்தில் 1680-ல் நடந்த முதல் திருமணம் எலிஹு ஏலுடையது என்று அங்கே நின்று விருப்பத்தோடு சொல்கிறோம். அதே இடத்தில், ஏழு ஆண்டு கழித்து ஒரே மாதத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய 665 பேரைப் பற்றியும் சொல்லுங்கள்.