முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமா?

திண்டுக்கல்,

விடாத காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு. இப்படி வரும் நோயாளிக்கு முதுகில் நீர் எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே பதறிப்போகிறது. "கால் விளங்காம போயிடுமாமே, வேணாங்க சார்" என்று கையெழுத்து போட மறுப்பவர்கள் இன்றும் உண்டு. மூளைக்காய்ச்சலில் அந்த தயக்கம்தான் உயிருக்கு ஆபத்து.

தண்டுவடம் இடுப்புக்கு சற்று மேலேயே முடிந்து விடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதப்பது நரம்பிழைகள்தான், ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பது சுமார் 150 மில்லி நீர். தினமும் 500 மில்லி புதிதாக ஊறுகிறது. டெஸ்டுக்கு எடுக்கும் சில மில்லி, ஒரு மணி நேரத்துக்குள் ஊறிவிடும். சிலருக்கு சில நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். 1891-ல் ஜெர்மனி டாக்டர் குயின்கே செய்து காட்டிய முறை இது.

சிலந்தி வலை

லேபில் என்ன பார்க்கிறார்கள்? நீர் பளிச்சென்று குடிதண்ணீர் போல இருக்கவேண்டும். கலங்கி இருந்தால் பாக்டீரியா கிருமி என்று சந்தேகம். டியூப்பை அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை போல படலம் கட்டுகிறதா? டி.பி.யாக இருக்கலாம்.

அடுத்து மைக்ராஸ்கோப். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 5 வெள்ளணு வரை சரி. அதிகமானால் எந்த வகை அணு என்று பார்ப்பார்கள். வைரஸிலும் டி.பி.யிலும் ஒரே வகை அணுதான் கூடும் என்பதால் சர்க்கரை அளவு கைகொடுக்கிறது. இந்த நீரில் ரத்தத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். டி.பி., பாக்டீரியா என்றால் இறங்கிவிடும். வைரஸ் என்றால் பெரும்பாலும் இறங்காது. அதனால்தான் கையிலும் ரத்தம் எடுக்கிறார்கள். 'எதுக்கு ரெண்டு ஊசி' என்று சண்டை போட வேண்டாம்.

டி.பி. கிருமியை கண்டுபிடிக்கும் சிபிநாட் மெஷின் சுமார் 2 மணி நேரத்தில் ரிசல்ட் தரும். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். டி.பி. மூளைக்காய்ச்சலில் தாமதித்தால் உயிர் பிழைத்தாலும் பார்வை, நடை, ஞாபகம் பாதிக்கப்படலாம். மாத்திரை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவ கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. 'மதுரைக்கே கூட்டிட்டு போறோம்' என்று கிளம்பினாலும் அங்கேயும் இந்த நீரைத்தான் கேட்பார்கள்.

டியூப்பை உறவினர் கையில் கொடுத்து அனுப்பினால் நேராக லேபுக்கு போகவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலானால் அணுக்கள் சிதைய ஆரம்பித்து கணக்கு தப்பாகும். டீக்கடை அப்புறம்.

மூளையில் அழுத்தம் அதிகம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.