அரை விநாடி தாமதம்... சிக்கிய 'பின்வாசல்'! எக்ஸ்இசட் புது வெர்ஷனில் நடந்தது என்ன?

புது வெர்ஷன் வந்தால் பழைய பிழைகள் சரியாகும் என்று நம்பித்தான் எல்லோரும் அப்டேட் செய்கிறோம். ஆனால் 2024 பிப்ரவரியில் வந்த ஒரு புது வெர்ஷன், சர்வர்களுக்குக் கள்ளச்சாவியோடு வந்தது.

எக்ஸ்இசட் என்றால் என்ன?

ஃபைல்களின் அளவைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும். இதைப் பல வருடங்களாகக் கவனித்து வந்தவர் பின்லாந்தின் லாஸ்ஸே கொலின். சம்பளம் கிடையாது, ஓய்வு நேர வேலைதான்.

உள்ளே நுழைந்தது யார்?

2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2022-ல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரையும் சேருங்கள் என்று கொலினை நெருக்கினார்கள். மனநலம் சரியில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. பிறகு வெர்ஷன் வெளியிடும் பொறுப்பு ஜியா டான் கைக்கும் போனது. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது மர்மம்தான்.

ஓப்பன் சோர்ஸ்தானே, யாரும் பார்க்கலையா?

இங்கதான் சூட்சுமம். கோடு எல்லோர் பார்வைக்கும் இருக்கும். ஆனால் வெர்ஷன் வெளியிடும்போது, அதைத் தனி ஃபைலாகக் கட்டித் தருவார்கள். தீங்கான கோடு, சோதனை ஃபைல் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை இயக்கும் வரிகளோ, வெளியிட்ட 5.6.0, 5.6.1 தொகுப்புகளில் மட்டும்தான் இருந்தன. ரகசியச் சாவி வைத்திருப்பவர், பாஸ்வேர்டு இல்லாமலே சர்வரில் கட்டளை இட முடியும்.

எப்படிச் சிக்கியது?

மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன் டெபியன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். 'சரி, போகட்டும்' என்று விடவில்லை. தோண்டிப் பார்த்து, மார்ச் 29-ல் உலகுக்குச் சொன்னார். அப்போது இந்த வெர்ஷன்கள் பெரும்பாலும் டெபியன், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளில்தான் இருந்தன. சில வாரம் தாமதித்திருந்தால், எல்லோரும் பயன்படுத்தும் பதிப்புகளுக்கும் போயிருக்கும்.

மொபைலுக்கு ஆபத்தா?

இல்லை. குறி, இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஓடும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள்தான்.

அப்போ அப்டேட் பண்ணலாமா?

கட்டாயம் பண்ணணும். பின்வாசலை அடைத்து, 2024 மே மாதம் 5.6.2 வெர்ஷனை வெளியிட்டவர் அதே கொலின்தான். பயப்பட வேண்டியது அப்டேட்டுக்கு அல்ல. உலகமே நம்பியிருக்கும் ஒரு வேலையை, துணையில்லாத ஒரே ஆளின் தலையில் விட்டுவிடுவதற்குத்தான்.