வீட்டு விலைப் பேச்சில் மூன்றாவது ஆள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள கரம்பொன்னில் ஒரு வளவு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பரப்புக் காணி, பழைய கல்வீடு, கிணறு, வேலியோரம் பனைகள். தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிபடாத பங்காக நிற்கிறது. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் கொழும்பில். கேட்டு வந்தவர் ஊர்காவற்றுறைக்காரர். தரகர் கைபேசியை ஒலிபெருக்கியில் போட, பேச்சு தொடங்குகிறது: "அண்ணை, கடைசி விலை என்ன?"

இந்தக் கேள்விக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பாதி கரம்பொன்னில் தலைகீழாகிவிடுகிறது.

ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். தீவகத்தில் 1990, 91இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. பலர் திரும்பவில்லை. இங்கே விற்பவர் வீட்டைக் கடைசியாகப் பார்த்தது சிறுவயதில். வாங்க வந்தவரோ பக்கத்து ஒழுங்கையால் நாளாந்தம் போய்வருகிறவர். அறியாதவர் விற்பவர்தான்.

கிணற்றையே எடுங்கள். தீவு முழுவதும் சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் சுமார் நாற்பதில் ஒரு பங்கு இலேசு. ஆகவே கணக்கின்படி, நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்க வேண்டும். நிலத்தடியில் இரண்டும் கலப்பதால் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. கரையை அண்டினாலோ, பம்ப் வைத்து அதிகம் இறைத்தாலோ உவர் மேலேறும். கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு நல்லதாகவும் இன்னொன்று உவராகவும் இருக்கலாம். மாரி முடிந்த தை மாதத்தில் எல்லாக் கிணறும் ஓரளவு இனிக்கும். ஆவணியில் அள்ளிக் குடித்துப் பார்த்தவருக்கே அந்த வளவின் விலை தெரியும். ரொறன்ரோவில் இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. அவர் தனக்குத் தெரிந்த விலைகளை, ரொறன்ரோ வீட்டு விலையையோ யாரோ சொன்ன நல்லூர் விலையையோ, மனதில் வைத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்.

அந்த முதல் தொகை சும்மா போய்விடாது. 1987இல் நோர்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரே வீட்டை மாணவர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் காட்டினார்கள். கையில் கொடுத்த விவரத்தாளும் ஒன்றே. விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றப்பட்டிருந்தது. கூடிய விலையைக் கண்டவர்கள் கூட மதித்தார்கள், குறைந்ததைக் கண்டவர்கள் குறைய மதித்தார்கள். தொழிலிலே ஊறிய தரகர்களும் அப்படியே. ஆனால் கேட்ட விலையைக் கவனித்தே மதித்தோம் என்று ஒத்துக்கொண்ட தரகர்கள் குறைவு. தண்ணி, எல்லை, உறுதி எல்லாவற்றையும் விசாரித்து, விலையைக் கடைசியில் கேட்கும் கிழவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை.

இனி, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்கும் மூன்றாவது ஆள்: பங்காளர். கொழும்பிலிருப்பவர் தன் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்க முடிவெடுத்தால், மற்ற இரு பங்காளருக்கும் முதலில் சொல்ல வேண்டும். அதே விலைக்கு அவர்கள் கேட்டால் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். இது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் வாழ்ந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் முடித்த அந்த நூல் பழைய வழக்கின் அறிவிப்புக் காலத்தையும் பதிந்திருந்தது: ஊரிலிருப்பவருக்கு ஒரு மாதம், அதே மாகாணத்தின் வேறு ஊரிலிருப்பவருக்கு இரண்டு, வேறு மாகாணத்தவருக்கு மூன்று, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஓராண்டு. நூல் எழுதப்படும் முன்பே ஒல்லாந்தர் அதைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தால் போதும் என்று மாற்றியிருந்தார்கள். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இந்த உரிமையைப் பங்காளருக்கும், விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் என்று சுருக்கியது.

வெளியாருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. அலைந்து, கிணறு பார்த்து, நில அளவையாளரைப் பிடித்து, நியாயமான விலையைக் கண்டுபிடிப்பது அவர். அந்த விலைக்கே பங்காளர் எடுத்துக்கொள்ளலாம். ஊரறிந்த பங்காளர் "எனக்கு வேண்டாம்" என்று விட்டால் அது இன்னும் யோசிக்க வேண்டிய இடம்: அறிந்தவரே விட்டதை நான் வாங்குகிறேனே! எண்ணெய் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியியலாளர்கள் 1971இல் விளக்கிய, ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் கூடுதலாக மதித்தவரே என்னும் ‘வென்றவரின் சாபம்’ இதற்கு நெருங்கிய உறவு. எனவே வெளியார் குறைத்தே கேட்பார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். விற்பவருக்கு நட்டம்தான். ஆனாலும் ஒரே கிணற்றில் பங்கு, ஒரே ஒழுங்கையில் வழி என்று உறுதிகள் பின்னிக் கிடக்கும் ஊரில், அந்த நட்டம் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

வாயால் ஒத்துக்கொண்டதோடு விலை முடிந்ததென்று நம்பவும் கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திடாத காணி உடன்படிக்கை இலங்கையில் செல்லாது. இன்று சரி என்றவர் நாளை கூடுதலாகக் கேட்கலாம்.

பொறுத்திருக்கக் கூடியவருக்கே பேரத்தில் கூடிய பங்கு என்று ஏரியல் ரூபின்ஸ்டீன் 1982இல் கணிதத்தால் காட்டினார். வெளிநாட்டிலிருப்பவருக்கு அவசரமில்லை, அதனால் அவர் இறங்கி வரமாட்டார். ஆனால் ஓடு விழுந்த வீட்டுக்கு மழைக்காலம் ஒவ்வொன்றும் செலவு. பொறுத்துப் பொறுத்து அவர் காப்பாற்றும் விலை கூரையோடு சேர்ந்து இறங்குகிறது. இன்று வட்சப்பில் செய்தி ஒரு நிமிடத்தில் போய்ச் சேரும். ஆனாலும் மூன்று பிள்ளைகளும் ஒரு தொகைக்கு ஒத்துவந்து, தூரத்திலிருப்பவர்களின் அற்றோணித் தத்துவமும் வந்து சேர, பழைய தேசவழமை கடல் கடந்தவருக்குக் கொடுத்த அந்த ஓராண்டு இப்போதும் பிடிக்கலாம்.