ஆர்சி மாறிடுச்சு, லாகின் மாறிடுச்சா? பிக்கப் வண்டியும் நம்ம டேட்டாவும்

விடியக்காலம் திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட் பக்கம் போனா, காய்கறி மூட்டை, வாழைத்தார்னு ஏத்திக்கிட்டு வந்த பிக்கப் வண்டிகளைப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில விளையறதை சந்தைக்குக் கொண்டு சேர்க்கிறதுல இந்த வண்டிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. இன்னைக்கு எபிசோட்ல, அந்த வண்டி எந்தெந்த டேட்டாவைச் சேர்க்குது, வண்டி கைமாறும்போது அந்த டேட்டா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

முதல் விஷயம், டெலிமேட்டிக்ஸ். 2023ல வந்த மஹிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப்ல ஐமேக்ஸ்னு ஒரு வசதி இருக்கு. டாடா வண்டிகளுக்கு ஃப்ளீட் எட்ஜ் இருக்கு. வேலை செய்யற விதம் சிம்பிள்தான். வண்டிக்குள்ள ஒரு சின்னப் பெட்டி, அதுல ஜிபிஎஸ்ஸும் ஒரு சிம்மும் இருக்கும். வண்டி எங்க நிக்குது, எவ்வளவு வேகத்துல போகுது, இன்ஜின் எப்படி இருக்குங்கிற தகவலை அது கம்பெனி சர்வருக்கு அனுப்பும். பாளையங்கோட்டையில இருக்கிற ஓனர், செங்கோட்டைக்குப் போன வண்டியை மொபைல்ல பார்க்கலாம். திருட்டுப் போனா தேடலாம், சர்வீஸ் தேதியையும் மறக்க மாட்டோம். நல்ல வசதிதான், மறுக்கல.

ரெண்டாவது, ஸ்டீரியோ. புளூடூத்ல போனை இணைச்சு 'அனுமதி' கொடுத்தா, கான்டாக்ட் லிஸ்ட்டும் கால் ஹிஸ்டரியும் அதுல ஏறிடும். மூணாவது, நாமளே மாட்டுற பொருட்கள். வெளிக்கடை ஜிபிஎஸ், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற ஓபிடி போர்ட்ல சொருகுற சின்ன டாங்கிள், இப்படி. இது ஒவ்வொண்ணுக்கும் தனி ஆப், தனி அக்கவுண்ட். அதோட சர்வர் எந்த நாட்டுல இருக்குன்னு வாங்குறப்ப யாரும் கேட்கிறதில்ல.

இப்ப சிக்கல் எங்க வருதுன்னு சொல்றேன். கல்லிடைக்குறிச்சியில எங்க அத்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்குனார். ஃபார்ம் 29, 30 எல்லாம் போட்டு ஆர்சி அவர் பேருக்கு மாறிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு பழைய ஓனர் போன் பண்ணி, "என்ன அண்ணாச்சி, நேத்து ராத்திரி கேரளா லோடா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கார். அத்தானுக்கு தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பழைய ஓனர் எதையும் ஹேக் பண்ணல. அவர் போன்ல அந்த ஜிபிஎஸ் ஆப் அப்படியே கிடந்துச்சு, அவ்வளவுதான்.

வண்டிக்கு ஆர்சி இருக்கு. டேட்டாவுக்கு ஆர்சி கிடையாது. ஆர்டிஓ ஆபீஸ்ல பேர் மாறினாலும் சர்வர்ல பழைய பேர்தான் இருக்கும், யாராவது போய் மாத்துற வரைக்கும்.

ஃபாஸ்டேகும் இதே கதைதான். விற்கும்போது அதை க்ளோஸ் பண்ணலைன்னா, நாங்குநேரி டோலைத் தாண்டுறப்ப பணம் பழைய ஓனர் கணக்குல போகும், எஸ்எம்எஸ்ஸும் அவருக்குத்தான் போகும்.

"என் லொக்கேஷனை வச்சு யார் என்ன செய்யப் போறா?"ன்னு கேட்கலாம். சில்வராடோ பிக்கப் விக்கிற ஜெனரல் மோட்டார்ஸ், வண்டி ஓட்டுற விதத்தைப் பத்தின டேட்டாவை லெக்சிஸ்நெக்சிஸ் மாதிரி நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2024ல வெளிய வந்துச்சு. சிலருக்கு இன்சூரன்ஸ் பிரீமியமே ஏறியிருந்தது. 2025 ஜனவரியில அமெரிக்காவோட எஃப்டிசி அந்த நிறுவனத்து மேல நடவடிக்கை எடுத்துச்சு. நம்ம ஊர்லயும், ஓட்டுற விதத்தைப் பார்த்து பிரீமியம் வைக்கிற ஆட்-ஆனுக்கு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில அனுமதி கொடுத்தாச்சு. இன்னொண்ணு, மத்திய அரசு வாகனப் பதிவு, லைசென்ஸ் டேட்டாவைப் பகிர்ந்து 65 கோடி ரூபாய் சம்பாதிச்சதா 2019ல நாடாளுமன்றத்துலயே சொன்னாங்க. தவறா பயன்படுத்தலாம்ங்கிற கவலையில அந்தக் கொள்கையை 2020ல கைவிட்டுட்டாங்க.

சட்டம்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல. டேட்டாவை அழிக்கச் சொல்ற உரிமை அதுல இருக்கு. ஆனா முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் நம்ம கைதான் நமக்கு உதவி.

அதனால வண்டி வாங்கினா, விற்றா இதைச் செய்யுங்க:

1. விற்கிறவர், கம்பெனி ஆப்ல இருந்து வண்டியை நீக்கணும். வாங்குறவர், ஆர்சியைக் காட்டி கம்பெனி சர்வீஸ் சென்டர்ல தன் நம்பருக்கு மாத்தச் சொல்லணும்.

2. ஸ்டீரியோவை ஃபேக்டரி ரீசெட் பண்ணணும்.

3. பழைய ஃபாஸ்டேகை க்ளோஸ் பண்ணிட்டுப் புதுசு வாங்கணும்.

4. நம்பிக்கையான எலக்ட்ரீஷியன்கிட்ட டாஷ்போர்டுக்கு உள்ளயும் ஓபிடி போர்ட்லயும் வேற கருவி இருக்கான்னு பார்க்கச் சொல்லணும். கண்டதும் வயரை அறுத்துடாதீங்க. சட்டப்படி இருக்க வேண்டிய ட்ராக்கரா இருக்கலாம், கடன் கொடுத்தவர் மாட்டினதா இருக்கலாம், இன்ஜினை நிறுத்துற ரிலேயோட சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

5. சர்வீஸுக்கு விடும்போது போனையும் ஆப் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டாம்.

கடைசியா ஒரு விஷயம். இவ்வளவு நேரம் ஓனரைப் பத்தியே பேசினோம். ஸ்டீயரிங் பிடிக்கிறவர் பல நேரம் சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவர். முதலாளியை நஷ்டத்துல இருந்து காப்பாத்துற மாதிரியான வேலை சார்ந்த காரணங்களுக்கு, ஊழியரோட டேட்டாவை சம்மதம் கேட்காமலே பயன்படுத்த இந்தச் சட்டம் இடம் கொடுக்குது. அவர் டீ குடிக்க எங்க நிறுத்தினார், லோடு இறக்கிட்டு எப்ப வீட்டுக்குப் போனார், எல்லாம் ஓனர் போன்ல தெரியும். அதனால உங்க வீட்ல வண்டி இருந்தா, "அண்ணே, இந்த வண்டியில ட்ராக்கர் இருக்கு, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்"னு டிரைவர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க. அதைச் சொல்ல சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.