"நேரம் கிடைத்தால்" என்றால் இன்றைக்கே: நத்தார் காலத்து வேலைத்தலப் பேச்சு



நான் வசிப்பது செவன் கிங்ஸில். இல்போர்டுக்கும் குட்மேஸுக்கும் நடுவில் உள்ள இடம். பெயரைக் கேட்டவுடன் ஏழு அரசர்கள் இங்கே கூடியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஏழு அரசர்கள் நின்று குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய இடம் என்று ஒரு கதையும் உண்டு. ஆனால் இடப்பெயர்களை ஆராய்ந்தவர்கள், செயோபெக்கா என்ற ஒருவருடைய ஆட்கள் குடியிருந்த இடம் என்பதே காலப்போக்கில் திரிந்து இப்படி ஆனது என்கிறார்கள். ஆங்கிலத்தில் காதில் விழுவது ஒன்று, பொருள் இன்னொன்றாக இருக்கலாம் என்பதை எனக்கு முதலில் காட்டியது இந்த ஊரின் பெயர். இரண்டாவதாகக் காட்டியது 2006 ஆம் ஆண்டு நத்தார். அதைப் பற்றித்தான் இந்த மாதம் கதைக்கப் போகிறேன்.

டிசம்பர் பிறந்தவுடன் இந்த நாட்டு வேலைத்தலங்களின் பேச்சே மாறிவிடும். ஆண்டு முழுவதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர் மேசையில் ஒரு வாழ்த்து அட்டையை வைத்துவிட்டுப் போவார். இந்த அட்டை வழக்கம் பழையது. விற்பனைக்கென்று முதல் நத்தார் அட்டையை 1843 இல் லண்டனில் அச்சிடுவித்தவர் ஹென்றி கோல் என்பவர். குறுஞ்செய்தியின் கதையும் நத்தாரில்தான் தொடங்குகிறது. 1992 டிசம்பர் 3 ஆம் திகதி நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் தன் கணனியிலிருந்து வொடாபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸுக்கு அனுப்பிய "மெரி கிறிஸ்மஸ்" என்ற இரண்டு சொற்களே உலகின் முதல் குறுஞ்செய்தி. அதைப் பெற்றவர் அப்போது அலுவலக நத்தார் விருந்தில் இருந்தார்.

"எனி பிளான்ஸ் ஃபோர் கிறிஸ்மஸ்?" என்று எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். முதல் வருடம் நான், "நாங்கள் சைவம், நத்தார் கொண்டாடுவதில்லை" என்று உண்மையைச் சொன்னேன். கேட்டவர் முகம் சுருங்க, பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவர் என் சமயத்தைக் கேட்கவில்லை, என்னோடு இரண்டு வார்த்தை கதைக்க விரும்பினார். இப்போது, "அந்த நாட்களில் எங்களுக்குத் திருவெம்பாவை வரும், விடியவே எழும்ப வேணும்" என்று சொல்கிறேன். கேட்பவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்.

இவை சிறிய விடயங்கள். பெரிய விடயம் வேலை சம்பந்தமான பேச்சு.

2006 இல் நான் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருந்தேன். டிசம்பர் சம்பளம் மாத முடிவில் அல்ல, நத்தாருக்கு முன், 22 ஆம் திகதி வெள்ளிக்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு. 18 ஆம் திகதி திங்கட்கிழமை என் மேலாளர், ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, என் மேசைப் பக்கம் வந்து, "இஃப் யூ கெட் எ சான்ஸ்", அந்தத் துப்புரவுப் பணியாளர்களின் நேர அட்டைகளை ஒருக்கால் பார்க்கிறீர்களா என்று கேட்டார். சிரித்த முகத்தோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு கேட்டார். நேரம் கிடைத்தால் என்றுதானே சொன்னார் என்று நான் மற்ற வேலைகளை முடித்தேன். அடுத்த நாள் மத்தியானம் அவர் விடுமுறையில் போய்விட்டார்.

வியாழக்கிழமைதான் எனக்கு நேரம் கிடைத்தது. அப்போதுதான் தெரிந்தது, மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்கும் 11 பேரின் விபரம் புதன்கிழமை போன சம்பளக் கோப்பில் இல்லை என்று.

ஒரு நாள் பிந்தினால் என்ன என்று கேட்பீர்கள். இங்கே பெரும்பாலான சம்பளம் பாக்ஸ் என்ற முறையில்தான் வங்கிக்குப் போகிறது. அதற்கு மூன்று வேலை நாட்கள் வேண்டும். முதல் நாள் கோப்பை அனுப்ப வேண்டும், இரண்டாம் நாள் வங்கிகள் அதைச் செயற்படுத்தும், மூன்றாம் நாள் கணக்கில் காசு விழும். புதன்கிழமை அனுப்பியது வெள்ளிக்கிழமை கிடைக்கும். வியாழக்கிழமை அனுப்பினாலோ, வெள்ளி இரண்டாம் நாள். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள் நத்தார், செவ்வாய் பொக்சிங் டே, இரண்டும் வங்கி விடுமுறை. ஆகவே மூன்றாம் நாள் 27 ஆம் திகதி புதன்கிழமை. என்னுடைய ஒரு நாள் தாமதம் அவர்களுக்கு ஐந்து நாளாகி, நத்தாரையும் விழுங்கிவிட்டது. அன்றைக்கே காசைச் சேர்க்கும் சாப்ஸ் முறைக்குத் தனிக் கட்டணமும் மேலாளரின் அனுமதியும் வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஜனவரி 2 ஆம் திகதிதான் திரும்புவேன் என்ற தானியங்கிப் பதில் வந்தது.

அந்த 11 பேரில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா. சனிக்கிழமை ஹை ரோட்டில் ஒரு கடை வாசலில் சந்தித்தேன்.

"தம்பி, எங்கட சம்பளம் இன்னும் விழேல்லைப் போல கிடக்கு" என்றார்.

"என்ர பிழைதான் அக்கா. இனிப் புதன்கிழமைதான் வரும். அதுமட்டும் சமாளிப்பியளோ?"

"பரவாயில்லைத் தம்பி, அது பாத்துக்கொள்ளலாம்."

அவர் பரவாயில்லை என்றதும் எனக்குப் பாரம் இறங்கியது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை ரயில் மேடையில் நின்றபோதுதான் வேறு கதையின் நடுவில் அவர் சொன்னார். 24 ஆம் திகதி சீட்டுக் காசு கட்ட வேண்டியிருந்ததாம். மூத்த மகளின் காப்பை அடகு வைத்துக் கட்டினாராம். வட்டிக் காசை நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார்.

ஒரே கிழமையில் இரண்டு தரம் நான் பிழையாக விளங்கியிருந்தேன். ஆங்கிலத்தில் "நேரம் கிடைத்தால்" என்றதை அப்படியே எடுத்தேன். தமிழில் "பரவாயில்லை" என்றதையும் அப்படியே எடுத்தேன். வெள்ளைக்காரர் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்று நாங்கள் குறை சொல்கிறோம். நாங்களும் அதையேதான் செய்கிறோம். கடன் கேட்க வெட்கப்படுகிறவரின் "பரவாயில்லை", வேலை ஏவ வெட்கப்படுகிறவரின் "இஃப் யூ கெட் எ சான்ஸ்" இரண்டும் ஒரே குடும்பம். அக்காவின் வார்த்தையையாவது நான் விளங்கியிருக்க வேண்டும், அது என் தாய்மொழி.

விடுமுறை முடிந்து வந்த மேலாளர் ஆச்சரியத்தோடு, "நான் திங்கட்கிழமையே கேட்டேனே" என்றார். தான் தெளிவாகச் சொன்னதாகவே அவர் நம்பினார். "நோ ரஷ்", "வென் யூ ஹாவ் எ மினிட்", "இட் வுட் பி ஹெல்ப்புல்" போன்ற வார்த்தைகள் மேலிடத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் அது வேலை உத்தரவுதான். மரியாதைக்காக மெத்தென்று சொல்கிறார்கள். அன்றிலிருந்து நான் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன்: "எந்த நாள், எத்தனை மணிக்கு முன் வேண்டும்?" இதைக் கேட்டு யாரும் கோபித்ததில்லை. டிசம்பரில் இன்னொரு கேள்வியும் சேரும்: "நீங்கள் இல்லாதபோது யாரிடம் கேட்பது?" நீங்கள் விடுமுறையில் போனாலும், உங்கள் தானியங்கிப் பதிலில் திரும்பும் திகதியோடு இன்னொருவரின் பெயரையும் போட்டுவிட்டுப் போங்கள்.

சம்பளம் பற்றியும் இரண்டு விடயம். 2008 மே மாதத்திலிருந்து ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் முறை இருப்பதால், விடுபட்ட ஒருவரின் காசைப் பெரும்பாலும் அன்றைக்கே அனுப்பலாம். ஆகவே சம்பளம் வராவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள், அன்றே கேளுங்கள். அடுத்தது, டிசம்பரில் முந்திச் சம்பளம் கொடுத்தாலும், வழமையான சம்பளத் திகதியையே வேலைத்தலம் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் யுனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்களுக்கு ஒரே மாதக் கணக்கில் இரண்டு சம்பளம் வந்ததாகத் தெரிந்து, உதவித்தொகை குறையக்கூடும். முந்தி வந்த சம்பளத்தை நீட்டிப் பிடிக்கவும் வேண்டும். அந்த வருடம் டிசம்பர் 22 இலிருந்து ஜனவரி 31 வரை 40 நாட்கள்.

விடுமுறை கேட்பதிலும் இதே கதைதான். நத்தார் நாளில் லீவு எல்லோருக்கும் சட்டப்படி உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. வங்கி விடுமுறைகளையும் அதற்குள் அடக்க முதலாளிக்கு உரிமை உண்டு. 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் நத்தார் நாளில் திறக்கக் கூடாது என்று 2004 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சிறிய கடைகளும் ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும் இயங்கும், அங்கே எங்கள் ஆட்கள் நிற்பார்கள். ரயிலும் அன்று ஓடாது. ஆகவே "25 ஆம் திகதி வர முடியுமா?" என்று கேட்டால், உடனே தலையாட்டாமல், எப்படிப் போவது, பதில் லீவு எப்போது என்று கேளுங்கள். திருவெம்பாவைக்கு லீவு வேண்டுமென்றால் ஒக்டோபரிலேயே எழுத்தில் கேளுங்கள். எடுக்கும் நாட்களின் இரண்டு மடங்கு முன்னறிவித்தல் என்பது சட்டத்தின் பொது விதி. வேலைத்தலம் வேறு விதி வைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

அந்த அக்காவை இப்போதும் ஹை ரோட்டில் காண்பேன். காப்பு ஒரு மாதத்தில் மீண்டுவிட்டது. இந்த டிசம்பரில் யாராவது உங்களிடம் "பரவாயில்லை" என்றால், அதற்குப் பிறகும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உண்மையாகவோ? எவ்வளவு வேணும்?"

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.