சிங்கப்பூரில் செய்த கேமராவுக்கு நியாய விலை என்ன?

பழைய கேமரா விற்பவர்களிடம் ‘ரோலை 35’ இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் திரும்ப ஒரு கேள்வி கேட்பார்கள்: “ஜெர்மனியா, சிங்கப்பூரா?”

உள்ளங்கையில் அடங்கும் அதே கேமராதான். வடிவத்திலும் உள்ளிருக்கும் பொறியமைப்பிலும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் விலை ஒரு படி ஏறிவிடும். ‘சிங்கப்பூர்’ என்று இருந்தால் விற்பவரே சற்றுத் தயங்கித்தான் விலை சொல்வார். நம் ஊரில் செய்த பொருளுக்கு நம் ஊரிலேயே மதிப்பு குறைவாக இருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. தேடினால் சிங்கப்பூர் ரோலையைத்தான் தேடுவது, நியாயமான விலைக்குத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தேன். நல்ல நிலையில் ஒன்று கைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

இது எப்படி இங்கு வந்தது?

ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர், வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது தம் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய கேமரா இது. அந்த நிறுவனம் கேமரா தொழிலைக் கைவிட்டதும் அவர் ரோலையில் சேர்ந்தார். 1966ல் கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் ரோலை 35 அறிமுகமானது. வழக்கமான 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் முழு அளவுப் படம் எடுக்கும் கேமரா சட்டைப்பைக்குள் அடங்கியது அன்று பெரிய ஆச்சரியம். எடை சுமார் 370 கிராம்தான்.

1970களின் தொடக்கத்தில், உற்பத்திச் செலவைக் குறைக்க ரோலை தன் ஆலைகளைச் சிங்கப்பூரில் அமைத்தது. வேலைவாய்ப்புகளை உருவாக்க நாடு முனைந்திருந்த காலம் அது. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை பார்த்தார்கள். இளையர்களுக்கு நுண்பொறியியல் கைத்தொழிலைக் கற்பிக்க அரசாங்கத்துடன் சேர்ந்து பயிற்சி நிலையமும் நடத்தப்பட்டது. 1981ல் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியபோது இங்குள்ள ஆலையும் மூடப்பட்டது. அதன் பிறகு ரோலை 35 சிங்கப்பூரில் செய்யப்படவில்லை.

எண்ணிக்கையில் குறைவில்லை, நல்லதுதான் அரிது

ரோலை 35 வரிசையில் சுமார் 20 லட்சம் கேமராக்கள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் ஏன் இத்தனை தேடல்? நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் கிடந்தவை இவை. லென்சில் பூஞ்சை படிந்திருக்கும். உள்ளே போட்ட மசகு இறுகியிருக்கும். ஒளிமானி செத்திருக்கும். எல்லாம் ஓடுகிற, அடிபடாத ஒன்று சுலபமாகக் கிடைப்பதில்லை.

வகைகளும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வந்தது டெஸ்ஸார் லென்ஸ் பொருத்தியது. 1974ல் ‘35 எஸ்’ வந்தது. அதில் இன்னும் கூடுதல் ஒளியை உள்ளே விடும் சோனார் லென்ஸ் இருப்பதால் விலையும் கூடுதல். கடைசிக் காலத்து ‘எஸ்இ’, ‘டிஇ’ வகைகளில் முள் காட்டும் ஒளிமானிக்குப் பதிலாக வியூஃபைண்டருக்குள் சிறு விளக்குகள் எரியும். ஜெர்மானிய கேமராக்களுக்கு விலை கூடக் காரணம், அவை முதலில் வந்தவை என்பதும் சேகரிப்போர் அவற்றை விரும்புவதும்தான். படம் எடுக்க வாங்குபவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை.

எங்கெல்லாம் தேடினேன்

அந்தக் காலமாக இருந்தால் முதலில் சுங்கை ரோடு திருடர் சந்தைக்குப் போயிருப்பேன். அது 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது சிட்டி ஹால் எம்ஆர்டிக்கு அருகில் பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைத்தொகுதிகளில் பழைய கேமரா கடைகள் உள்ளன. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் கையில் எடுத்து, ஷட்டரை அழுத்திப் பார்க்கலாம். உறவினர் வீட்டுக்குப் போகும்போது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஆம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையையும் சுற்றி வந்தேன். பழைய இசைத்தட்டு, நாணயம், கைக்கடிகாரம் இவற்றுக்கிடையே கேமராக்களும் கிடைக்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

இணையத்தில்தான் எண்ணிக்கை அதிகம், ஏமாற்றமும் அதிகம். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால், ‘ஓடவில்லை’ என்று படித்துக்கொள்வது பாதுகாப்பானது. விற்பவர் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நினைத்துவிடாதீர்கள். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பார்க்கும் வசதி இருக்கிறது. அங்கே தெரிவதுதான் மக்கள் உண்மையில் கொடுத்த பணம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அஞ்சல் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்குமுன் ஐந்து சோதனைகள்

1. லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பினால் உறுதியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

2. மீண்டும் உள்ளே தள்ளுமுன் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலை இழுத்திருக்க வேண்டும். இழுக்காமல் பலத்தைக் காட்டித் தள்ளினால் உள்ளே சேதமாகும். இதை அறியாத விற்பனையாளர்கள் பலர்.

3. ஷட்டரை அரை நொடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். இழுத்துக்கொண்டே போனாலோ நின்றுவிட்டாலோ சுத்தம் செய்யும் செலவு காத்திருக்கிறது.

4. கைப்பேசி விளக்கை லென்ஸ் வழியாகப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை.

5. முள் வைத்த வகைகளில் வெளிச்சத்துக்குத் திருப்பும்போது ஒளிமானியின் முள் அசைய வேண்டும். இவற்றுக்கான பிஎக்ஸ் 625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. அதே வடிவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு தவறும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாகக் காற்று பேட்டரியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பேட்டரியை மாற்றப் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதால் ஃபிலிம் போடும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மலிவு எப்போது மலிவு?

நான் ஒரே வாரத்தில் பார்த்த இரண்டு கேமராக்களைச் சொல்கிறேன். ஒன்று 150 வெள்ளி. ஷட்டர் இழுத்தது. பழுது பார்க்க 180 வெள்ளி ஆகும் என்றார் கேமரா பழுது பார்ப்பவர். மொத்தம் 330. இன்னொன்று பழுது பார்த்து முடித்து, மூன்று மாத உத்தரவாதத்துடன் கடையில் 280 வெள்ளி. எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் விலை, பழுது பார்க்கும் செலவு, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டிய பிறகுதான் பேரம் பேசத் தொடங்க வேண்டும்.

அந்த 280 வெள்ளி கேமராவை வாங்கியிருப்பேன். அதற்குள் ஈசூனில் இருக்கும் ஓர் ஆன்ட்டியிடம் ஒன்று இருப்பதாகச் சித்தி சொன்னார். போய்ப் பார்த்தேன். தோலுறையோடு எடுத்து வந்து வைத்தார். 35 எஸ், கறுப்பு நிறம், மூலையில் ஒரு சிறு நெளிவு.

நான் கேட்குமுன்பே நெம்புகோலை இழுத்துவிட்டு லென்ஸைப் பக்குவமாக உள்ளே தள்ளிக் காட்டினார். “வைண்ட் பண்ணாம தள்ளக்கூடாது தம்பி, உள்ள உடைஞ்சிரும்” என்றார். இருபது வயதில் அந்த ஆலையில் சேர்ந்து, மூடும்வரை அங்கே இருந்தவராம்.

“பழசுதானே, அம்பது வெள்ளி குடு போதும். காராங் குனிக்காரன் அஞ்சு வெள்ளிகூடத் தரமாட்டான்.”

ஐம்பது வெள்ளியை நீட்டிவிட்டு வந்திருக்கலாம். விலை சொன்னது அவர். சந்தையில் அப்படித்தான் வாங்குகிறார்கள், அதைத் திறமை என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அறையில் விலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். கைப்பேசியில், விற்று முடிந்த 35 எஸ் கேமராக்களைக் காட்டினேன். நல்ல நிலையில் இருப்பவை 350 வெள்ளியை ஒட்டிப் போயிருந்தன. இதைச் சுத்தம் செய்ய 100 வெள்ளியாவது ஆகும், நெளிவுக்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும் என்று கணக்கைச் சொன்னேன். 230 வெள்ளியில் முடித்தோம்.

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஜெர்மனி கேமராவின் விலையில் நின்றார். “இதுக்கு மட்டும் ஏன் கூட? நாங்களும் அதே மாதிரிதானே செஞ்சோம். ஒரு சின்னத் தூசி இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க.”

சேகரிப்பவர்களின் விருப்பம் அது என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான்.

பேரம் பேசக்கூடாது என்பதல்ல நான் சொல்வது. கடைக்காரரிடம் தாராளமாகப் பேசுங்கள், விலை அவருக்குத் தெரியும். விலை தெரியாத ஒருவரிடம் வாங்கும்போது மட்டும், நமக்குத் தெரிந்ததை அவருக்கும் சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது. நாளை அவர் உண்மை விலையைத் தெரிந்துகொண்டாலும் நம்மைப் பார்த்தால் நின்று பேச வேண்டும்.

இளையர்கள் பலர் இப்போது ஃபிலிமுக்குத் திரும்பியிருக்கிறார்கள். 2024ல் ஹாங்காங் நிறுவனம் ஒன்று ரோலை 35 பெயரில் தானாகக் குவியும் புதிய கேமராவைக்கூட வெளியிட்டது. பழையதில் தூரத்தை நாமே மதிப்பிட்டு வைக்க வேண்டும். முதல் இரண்டு சுருளில் பாதிப் படங்கள் மங்கலாகத்தான் வரும். ஃபிலிம், கழுவும் செலவு இரண்டும் கூடியிருப்பதால் மாதம் ஒரு சுருள் என்று வைத்துக்கொண்டால் செலவு கையைக் கடிக்காது. படம் எடுக்காத நாள்களில் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

தேடத் தொடங்குவோர் முதலில் தாத்தா, பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும். கேமரா கிடைக்காவிட்டாலும், அதைச் செய்த கதை கிடைக்கும்.